வேலியே பயிரை வளர்த்த கதை

பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் எழுதி 1911இல் நூலாக வெளிவந்த ‘தி சீக்ரெட் கார்டன்’ நாவலைச் சிறுவர் இலக்கியம் என்று ஒதுக்கிவிடுவோர் நம்மில் உண்டு. இந்தியாவில் காலராவுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த மேரி என்னும் சிறுமி, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் மாமா ஒருவரின் பெரிய மாளிகைக்கு வந்து சேர்கிறாள். அங்கே பத்தாண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் மதில் சூழ்ந்த தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் சாவி மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. கதவு படர்கொடிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அவள் அதைக் கண்டுபிடிக்கிறாள். தோட்டம் துளிர்க்கிறது, குழந்தைகளும் துளிர்க்கிறார்கள். கதையில் வரும் சிறுவன் இதை மாயம் என்றே அழைக்கிறான்.

நாவலின் பிற்பகுதியில் பலரும் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. பத்தாண்டுகள் மனிதர் கால் படாத தோட்டத்தில் ரோஜாக் கொடிகள் எப்படிச் சாகாமல் இருந்தன? பென் வெதர்ஸ்டாஃப் என்னும் கிழட்டுத் தோட்டக்காரர், யாருக்கும் தெரியாமல் ஆண்டுதோறும் மதிலேறிக் குதித்து அவற்றைக் கவாத்து செய்துவந்திருக்கிறார். மூட்டுவலி வந்து சுவரேற முடியாமல் போன பின்னரே அதை நிறுத்தியிருக்கிறார். மாயத்திற்குப் பின்னே ஒரு கிழவரின் கை இருந்திருக்கிறது.

பர்னெட் இதை வெறுங்கற்பனையாக எழுதவில்லை. 1898 முதல் 1907 வரை கென்ட் பகுதியில் கிரேட் மேத்தம் ஹால் என்ற மாளிகையை வாடகைக்கு எடுத்து வாழ்ந்தார். அங்கே பாழடைந்து கிடந்த பழைய மதில்தோட்டத்தில் ரோஜாக்களை நட்டு, அதனுள் அமர்ந்து எழுதுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். பிரிட்டனின் கோட்டைகளையும் பெருநிலக்கிழார்களின் மாளிகைகளையும் ஒட்டி இத்தகைய மதில்தோட்டங்கள் ஏராளமாக இருந்தன. பல இன்றும் இருக்கின்றன. அவற்றின் வரலாற்றை நாம் பென் வெதர்ஸ்டாஃபின் பக்கத்திலிருந்து படித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

சொல்லிலிருந்து தொடங்குவோம். ‘பாரடைஸ்’ என்ற சொல்லைச் சொர்க்கம் என்று மொழிபெயர்க்கிறோம். அதன் மூலம் பழைய ஈரானிய மொழியின் ‘பைரிதைஸ’ என்ற சொல். பொருள்: ‘சுற்றிலும் சுவர்’. பாரசீக மன்னர்களின் மதில் சூழ்ந்த சோலைகளைக் கண்ட கிரேக்கர் செனஃபன் அச்சொல்லைத் தம் மொழிக்குக் கொண்டுசென்றார். விவிலியத்தின் வழியே அது வானுலகத்துக்கு ஏறிவிட்டது. ‘கார்டன்’ என்ற சொல்லின் வேரும் அடைப்பு என்னும் பொருளையே தரும். நம் சங்கப் பாடல்களில் வீட்டை ஒட்டிய தோட்டத்தைக் குறிக்கப் ‘படப்பை’ என்ற சொல் வரும். அதற்கு ஒரு முள்வேலி போதும். வெயிலைச் சேர்த்துவைக்க வேண்டிய தேவை நமக்கு இருந்ததில்லை. அங்கே அந்தத் தேவைதான் முதன்மையானது.

சுவர் செய்த வேலை

வேலியே பயிரை மேய்ந்த கதை நமக்குத் தெரியும். வேலியே பயிரை வளர்த்த கதை இது.

லண்டன் மாநகரம் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 51 பாகை வடக்கே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கோட்டைகள் பல 56, 57 பாகைகளில் நிற்கின்றன. சென்னை 13 பாகையில் இருப்பதை நினைத்தால் வேறுபாடு விளங்கும். அவ்வளவு வடக்கே சூரியன் ஒருபோதும் தலைக்கு மேல் வருவதில்லை. தெற்கு வானில் சாய்ந்தே நடக்கிறது. எனவே தெற்கு பார்த்து நிற்கும் ஓர் உயரமான சுவர், நாள் முழுதும் வெயிலை நெஞ்சில் வாங்கிக்கொள்கிறது. செங்கல் அந்தச் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. சுவரை ஒட்டிய ஒரு முழ அகலத்தில், திறந்த வயலில் இல்லாத இளவெப்பம் நிலவும். பீச், ஆப்ரிகாட், நெக்டரின், அத்தி ஆகிய தென்னாட்டுப் பழங்கள் குளிர்நாட்டில் கனிவதற்கு அந்த ஒரு முழம் போதுமானதாக இருந்தது.

பெரும்பாலான தோட்டங்களில் மதில் பத்து முதல் பன்னிரண்டு அடி உயரம். சிலவற்றில் இன்னும் கூடுதல். கல் மலிவாகக் கிடைத்த ஊர்களிலும், வெளிப்புறத்தைக் கல்லால் கட்டி உட்புறத்துக்குச் செங்கல் பதித்தார்கள். சூட்டைக் காப்பது ஒரு காரணம். செங்கற்களுக்கு இடைப்பட்ட சாந்தில் ஆணி அடிக்க முடியும் என்பது இன்னொரு காரணம். மரத்தை அதன் போக்கில் வளரவிடாமல், கிளைகளை விசிறிபோல் விரித்து, துணிக் கீற்றைச் சுற்றி ஆணியடித்துச் சுவரோடு சுவராகப் படுக்கவைத்தார்கள். குளிர்காலம் தோறும் பழைய ஆணிகளைப் பிடுங்கி, கவாத்து செய்து, மறுபடி அடிப்பது தோட்டக்காரரின் வேலை. விறைத்த விரல்களால் ஆயிரக்கணக்கான ஆணிகள்.

நான்கு சுவர்களுக்கும் நான்கு பணிகள் இருந்தன. தெற்கு பார்த்த சுவருக்குப் பீச்சும் ஆப்ரிகாட்டும். மேற்கும் கிழக்கும் பார்த்தவற்றுக்குப் பேரியும் பிளம்மும். வெயிலே படாத வடக்கு பார்த்த சுவருக்கு மொரெல்லோ என்னும் புளிப்புச் செர்ரி. நடுவே நிலம் நான்கு பாத்திகளாகப் பிரியும். பாதைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் பூவாளி முக்கி நீர் எடுக்க ஒரு தொட்டி. குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே பள்ளம் நோக்கி இறங்கும் என்பதை அறிந்திருந்ததால், சரிவின் அடிப்பக்கத்தில் அது வடிந்தோட வழி விட்டுவைத்தார்கள். இல்லையெனில் உறைபனி தோட்டத்துக்குள் குளம்போல் தேங்கிவிடும். பீச் மரம் தேனீக்கள் வெளிவருவதற்கு முன்னரே பூத்துவிடும். அப்போது நீண்ட குச்சியின் முனையில் முயல்வாலைக் கட்டிக்கொண்டு, பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்த்தார்கள். தேனீயின் வேலையையும் தோட்டக்காரரே பார்த்தார்.

இவ்வளவும் தெற்கு பார்த்த முகத்தின் சிறப்பு. அதே சுவரின் பின்புறம் என்னவாயிற்று? வெயில் ஒருபோதும் எட்டிப் பார்க்காத அந்த வடபுறத்தில்தான் உலையறை, உரச் சாய்ப்பு, காளான் வளர்க்கும் இருட்டறை ஆகியவை கட்டப்பட்டன. மணமாகாத இளந்தோட்டக்காரர்கள் கூட்டாகத் தங்கிய ‘பாத்தி’ எனப்படும் குடியிருப்பும் பெரும்பாலும் அங்கேதான். பழத்துக்குத் தென்முகம், பழம் வளர்த்தவருக்கு வடமுகம். மதில்தோட்டத்தின் சமூக வரலாறு முழுவதையும் ஒரே சுவரின் இரண்டு பக்கங்களில் வாசித்துவிடலாம்.

படிப்பதற்காகக் கட்டிய மதில்

எல்லா மதிலும் பழத்துக்காகவே எழுந்தது என்று சொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பகுதியில் எட்ஸெல் கோட்டை இருக்கிறது. அதன் உரிமையாளர் சர் டேவிட் லின்ட்சே 1604இல் கோட்டையை ஒட்டி ஒரு மதில்தோட்டம் அமைத்தார். அதன் மூன்று சுவர்களில் கற்பலகைச் சிற்பங்களை ஏழேழாகப் பதிக்கச் செய்தார். ஒரு சுவரில் கோள்களின் தெய்வங்கள் எழுவர். இன்னொன்றில் இலக்கணம், அணி, தருக்கம், எண், இசை, வடிவியல், வானியல் என்னும் ஏழு கலைகள். மூன்றாவதில் அன்பு, நீதி முதலான ஏழு அறப்பண்புகள். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து அச்சுப்படங்களை முன்மாதிரியாகக் கொண்டவை இவை. சிற்பங்களுக்கு இடைப்பட்ட சுவரில் சதுரக் குழிகளைக் கட்டங்கட்டமாக விட்டு, அவற்றுள் பூச்செடி வைத்தால் லின்ட்சே குலத்தின் சின்னம் தோன்றும்படி செய்தார்கள்.

தோட்டத்தைச் சுற்றி நடப்பது ஒரு நூலைப் புரட்டுவதற்கு ஈடாகிறது. கற்றவர் படித்து மகிழக் கட்டிய சுவர் அது. 1610இல் லின்ட்சே பெருங்கடனோடு இறந்தார். சிற்பங்களைச் செதுக்கியவர்கள் யாருடைய பெயரும் சுவரில் இல்லை.

பார்வையிலிருந்து விலக்கப்பட்ட தோட்டம்

பதினேழாம் நூற்றாண்டு வரை காய்கறித் தோட்டம் மாளிகைக்கு அருகிலேயே இருந்தது. சீமாட்டி சன்னலைத் திறந்தால் முட்டைக்கோசு தெரியும். அதை யாரும் இழிவாக நினைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சுவை மாறிற்று. கேபபிலிட்டி பிரவுன் என்று பெயர்பெற்ற லான்சலட் பிரவுன் 1741இல் ஸ்டோ மாளிகையின் தலைமைத் தோட்டக்காரரானார். பிறகு நாடெங்கும் நிலக்காட்சிகளை மாற்றியமைத்தார். அலையலையாய்ப் புல்வெளி, வளைந்தோடும் ஏரி, தொலைவில் மரக்கூட்டம் என்று இயற்கையே தானாக அமைந்ததுபோன்ற தோற்றம் வேண்டும் என்றார்கள். அந்தக் காட்சியில் மதிலுக்கும் எருக்குழிக்கும் மண்வெட்டி பிடித்தவருக்கும் இடமில்லை. எனவே காய்கறித் தோட்டம் மாளிகையிலிருந்து வெகுதொலைவு தள்ளி, மரங்களுக்குப் பின்னால் மறைந்தது. மேசைக்குப் பழம் வர வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பது கண்ணில் படக் கூடாது. ஏர்த்தொழிலை மறைத்துவைத்த இந்தப் பிரவுன் தாமும் வடக்கே கிர்க்ஹார்ல் என்னும் ஊரில் தோட்ட வேலை பழகியே மேலே வந்தவர்!

இந்த அலையில் தன் பழைய மதில்தோட்டத்தை இழக்காமல் தப்பியவற்றுள் ஒன்று வேல்ஸ் நாட்டில் ரெக்ஸம் நகருக்கு அருகிலுள்ள எர்டிக். நமக்கு இதில் ஒரு தனி ஆர்வம் உண்டு. மாளிகையை முதலில் கட்டிய ஜோஷுவா எடிஸ்பரியின் அண்டைவீட்டுக்காரர் குடும்பத்தில் வந்தவர்தான், 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் பெயர் தாங்கியிருப்பது இவரையே. எர்டிக்கில் இன்றும் உள்ள அரக்குப் பூச்சுத் திரை இவர் அளித்த பரிசு என்பர். எடிஸ்பரி கடனில் மூழ்கினார். அடுத்து வந்த ஜான் மெல்லர் காலத்தில் மதில்தோட்டம் விரிந்தது. எர்டிக்கின் பெருமை வேறொன்றில் இருக்கிறது. அங்கே வாழ்ந்த யார்க் குடும்பத்தார் தம் பணியாளர்களை ஓவியமாகத் தீட்டச் செய்து, அவர்களைப் பற்றிச் செய்யுளும் எழுதி மாட்டினார்கள். 1830இல் தீட்டப்பட்டவர்களில் தாமஸ் பிரிட்சர்ட் என்ற தோட்டக்காரரும் ஒருவர். இது எவ்வளவு அரிய செயல் என்பது அடுத்து வரும் செய்தியால் விளங்கும்.

அன்னாசிப் பித்து

கொலம்பஸ் 1493இல் குவாதலூப் தீவில் கண்ட அன்னாசி, ஐரோப்பியப் பிரபுக்களைப் பித்தாக்கிய பழம். கப்பலில் வருவதற்குள் அழுகிவிடும், குளிர்நாட்டில் விளையாது. ஆகவே அதை விளைவிப்பதே பெருமையின் உச்சமாயிற்று. லண்டனை அடுத்த ரிச்மண்டில் மாத்யூ டெக்கர் என்னும் வணிகரின் தோட்டத்தில் ஹென்றி டெலெண்டே என்ற தோட்டக்காரர் இதைச் சாதித்தார். தோல் பதனிடும் கூடங்களிலிருந்து கழித்த ஓக் மரப்பட்டையைக் குழியில் நிரப்பி, அது புளிக்கும்போது எழும் சூட்டில் தொட்டிகளைப் புதைத்து வைத்தார். அந்தச் சூடு மாதக்கணக்கில் ஒரே சீராக நிற்கும்.

இந்த வெற்றியைக் கொண்டாட 1720இல் தியடோரஸ் நெட்ஷர் என்னும் ஓவியர் அந்த அன்னாசியைப் படமாகத் தீட்டினார். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அதிலுள்ள இலத்தீன் வாசகம் இருவரைப் போற்றுகிறது. பழம் விளையச் செலவு செய்தவர் டெக்கர். அது என்றும் விளைந்துகொண்டிருப்பதுபோல் தீட்டியவர் நெட்ஷர். விளைவித்தவர் பெயர் அதில் இல்லை. அதே காலத்தில் வாழ்ந்த தாவரவியலாளர் ரிச்சர்ட் பிராட்லி, டெலெண்டேயின் முறையைத் தம் நூலில் விளக்கியதால்தான் அந்தப் பெயர் நமக்குக் கிடைத்தது.

வெயிலை நம்பியது போதாதென்று சுவருக்கே தீ மூட்டவும் தொடங்கினார்கள். சுவருக்குள்ளே கூடு விட்டு, பின்புறத்து உலையிலிருந்து கிளம்பும் வெப்பக்காற்றையும் புகையையும் அதன் வழியே வளைத்து வளைத்து ஓடவிட்டார்கள். இந்தச் சூட்டுச் சுவர்களின் உச்சத்தை ஸ்காட்லாந்தில் ஏர்த் என்னும் ஊருக்கு அருகே காணலாம். டன்மோர் பிரபு ஜான் மர்ரேயின் ஆறு ஏக்கர் தோட்டத்தில், பதினாறு அடி மதிலின் நடுவே, நாற்பது அடிக்கு மேல் எழும்பிய ஒரு கல் அன்னாசி நிற்கிறது. வாயில் வளைவில் 1761 என்று பொறித்திருக்கிறது. மேலேயுள்ள அன்னாசி, பிரபு அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு சேர்க்கப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வளைந்து நீளும் கல்லிலை ஒவ்வொன்றிலும் நீர் தேங்காமல் தனித்தனியே வடியும்படி செதுக்கியிருக்கிறார்கள். தேங்கினால் அது உறைந்து கல்லைப் பிளந்துவிடும். சூட்டுச் சுவரின் புகைப்போக்கிகளைக் கற்கலசங்களாக மாற்றி மறைத்திருக்கிறார்கள். புகைகூடத் தெரியக் கூடாது என்பதே நோக்கம். இருபுறமும் இருந்த சிற்றறைகளில் தோட்டக்காரர்கள் வசித்தார்கள். இவ்வளவு நுட்பமாகக் கட்டிய சிற்பியின் பெயர் வரலாற்றில் இல்லை.

இந்த டன்மோர் பிரபுதான் வர்ஜீனியாவின் கடைசி ஆங்கிலேய ஆளுநர். கிளர்ச்சியாளர்களிடமிருந்து தப்பிவந்து அரசரின் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று 1775இல் அறிக்கை விட்டவர். தாமும் அடிமைகளை வைத்திருந்தவர். அன்னாசி வந்த கடல்வழியில்தான் சர்க்கரையும் வந்தது. யார்க்‌ஷயரின் ஹேர்வுட் மாளிகையை 1759இல் எழுப்பத் தொடங்கிய லாசல்ஸ் குடும்பத்தின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலும் அடிமை வணிகத்திலும் ஊறியது. 1833இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தபோது, பிரிட்டன் அரசு உரிமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது; அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் தரவில்லை. பழைய மாளிகைகளைப் பேணும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கையில், தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் குடியேற்ற ஆட்சியோடும் அடிமை முறையோடும் தொடர்பு உண்டு என்று பதிவு செய்தது. மதிலின் வடமுகம் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் நீண்டிருந்தது.

சுவரேறி உள்ளே வந்தவர்

இக்கதையில் தோட்டக்காரர் எப்போதும் நிழலிலேயே இருந்தார் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1826 மே 9, விடியற்காலை நாலரை மணி. டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குப் புதிதாக அமர்த்தப்பட்ட தலைமைத் தோட்டக்காரர் வந்து சேர்கிறார். ஜோசப் பாக்ஸ்டன் என்ற அவருக்கு வயது 22. அந்நேரத்தில் கதவு திறக்க யாருமில்லை. கண்ணாடி வீட்டு வாயிலைத் தாண்டிக் குதித்து வளாகத்தைச் சுற்றிப் பார்க்கிறார். காய்கறித் தோட்டத்தின் மதிலேறி உள்ளே இறங்குகிறார். ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்கு ஏவுகிறார். காலை உணவின்போது மனையாட்சி அம்மையாரின் உறவுப்பெண் சாராவைக் கண்டு காதல் கொள்கிறார். ஒன்பது மணிக்குள் இவ்வளவும் முடிந்துவிட்டன என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். கால் நூற்றாண்டு கழித்து, 1851இல் லண்டன் பொருட்காட்சிக்காகப் பளிங்கு மாளிகையை வடிவமைத்துச் சர் பட்டம் பெற்றவர் இவரே. தோட்டத்துக் கண்ணாடி வீடுகளில் கற்றதைத்தான் பெரிதாக்கிக் கட்டினார்.

பாக்ஸ்டன் வளர்த்த ஒரு செடி நம் தெருக்கடை வரை நீள்கிறது. மொரீஷியஸ் தீவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த குட்டை வாழை ஒன்றை அவர் சாட்ஸ்வொர்த் கண்ணாடி வீட்டில் வளர்த்தார். அது 1835 நவம்பரில் பூத்து, மறு ஆண்டில் பழுத்தது. கோமகனின் குடும்பப் பெயரான காவென்டிஷ் அதற்குச் சூட்டப்பட்டது. அதன் கன்றுகள் பாதிரிமார் வழியாகச் சமோவா தீவுகளுக்குச் சென்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஏற்றுமதிக்குரிய பழைய வாழை ரகத்தைப் பனாமா வாடல் நோய் அழித்தபோது, காவென்டிஷ் குலமே அதன் இடத்தைப் பிடித்தது. சென்னைத் தெருக்களில் ‘மோரிஸ்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அது மொரீஷியஸ் என்பதன் திரிபு. அதுவும் இக்குலத்தைச் சேர்ந்த பழமே.

எனினும் பாக்ஸ்டனின் ஏற்றம் விதிவிலக்கு. அதே சாட்ஸ்வொர்த்திலிருந்து செடி தேடி வட அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட வாலஸ், பேங்க்ஸ் என்ற இரு இளந்தோட்டக்காரர்கள் 1838இல் கொலம்பியா ஆற்றில் மூழ்கி மாண்டார்கள். 1845இல் கண்ணாடி வரியும் 1850இல் செங்கல் வரியும் நீங்கின. மதிலோரம் முழுவதும் கண்ணாடி வீடுகள் எழுந்தன. திராட்சைக்கு ஒன்று, பீச்சுக்கு ஒன்று, முலாம்பழத்துக்கு ஒன்று. நீராவி வண்டியால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீவன்சன், ஓய்வுக்காலத்தில் டாப்டன் மாளிகையில் வெள்ளரிக்காய் கோணாமல் வளர அதைக் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு வளர்த்தார். அறுத்த திராட்சைக் கொத்தின் காம்பை நீர்ப்புட்டியில் செருகி, குளிர்காலம் முழுவதும் வாடாமல் காத்தார்கள்.

இந்த அதிசயங்களைத் தாங்கிநின்றது உலை. உறைபனி இரவில் உலை அணைந்தால் ஓராண்டு உழைப்பு விடிவதற்குள் கருகிவிடும். ஆகவே ‘பாத்தி’யில் தங்கிய இளைஞர்கள் முறைவைத்து இரவில் எழுந்து கரி தள்ளினார்கள். தொடக்கத்தில் எடுபிடிச் சிறுவன், பிறகு இளந்தோட்டக்காரன், பிறகு மேற்பார்வையாளர். இடையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு மாளிகைக்கு மாறி மாறித் தொழில் கற்றாக வேண்டும். 1874இல் எஸ்ஸெக்ஸின் ஆட்லி எண்டு மாளிகையில் பணியாற்றிய வில்லியம் கிரெஸ்வெல் என்ற இளைஞரின் நாட்குறிப்பு நமக்குக் கிடைத்து அச்சாகியிருக்கிறது. சீமான்களின் கணக்கேடுகள் நிறையக் கிடைக்கின்றன. மண் அளைந்தவர் எழுதிய ஏடு அருமையாகவே கிடைக்கிறது.

1914 ஆகஸ்ட்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் ட்ரெமெய்ன் குடும்பத்துக்குரிய ஹெலிகன் தோட்டங்கள் இருக்கின்றன. முதல் உலகப் போருக்கு முன் அங்கே இருபதுக்கு மேற்பட்ட தோட்டக்காரர்கள் வேலை பார்த்தார்கள். முலாம்பழ முற்றத்தின் மூலையில் அவர்களுக்கென ஒரு கழிப்பறை. 1914 ஆகஸ்டில், போர் மூண்ட மாதத்தில், அவர்கள் அதன் சுண்ணாம்புச் சுவரில் பென்சிலால் தம் பெயர்களை எழுதிவைத்தார்கள். பிறகு படையில் சேர்ந்து போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை.

நாடெங்கும் இதுவே நடந்தது. மதில் நின்றது, மண் நின்றது, உலை நின்றது. உலைக்குக் கரி தள்ள ஆளில்லை. போருக்குப் பின் கூலி உயர்ந்தது, இறப்பு வரி உயர்ந்தது, குளிர்பதனக் கப்பலில் தொலைநாட்டுப் பழங்கள் மலிவாக வந்து இறங்கின. ஓர் அன்னாசிக்காகப் பத்துப் பேர் இரவு விழிப்பது பொருளற்றுப் போயிற்று. கண்ணாடிகள் உடைந்தன. மதில்தோட்டங்கள் டென்னிஸ் களங்களாயின, வண்டி நிறுத்துமிடங்களாயின, முட்புதராயின. நூற்றாண்டுகளாகப் பழத்தைக் காத்தது சுவர் என்றே எண்ணியிருந்தார்கள். மனிதர் விலகிய சில ஆண்டுகளில் அந்த எண்ணம் பொய்த்தது.

1990இல் ட்ரெமெய்ன் குடும்ப வழியினரான ஜான் வில்லிஸும் டிம் ஸ்மிட்டும் புதரை வெட்டிக்கொண்டு ஹெலிகனுக்குள் நுழைந்தபோது, அந்தக் கழிப்பறைச் சுவரையும் பெயர்களையும் கண்டார்கள். தோட்டத்தை மீட்க வேண்டும் என்ற உறுதி அங்கேதான் பிறந்தது என்று ஸ்மிட் எழுதியிருக்கிறார். எந்தச் சீமானின் பெருமைக்காகவும் இதைச் செய்யப்போவதில்லை, இந்தப் பெயர்களுக்குரியவர்களின் கதையைச் சொல்லவே செய்கிறோம் என்பது அவர்கள் கொண்ட நிலைப்பாடு. 1992இல் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. குதிரை லத்தியின் சூட்டால் இயங்கும் பழைய அன்னாசிக் குழியைச் செப்பனிட்டு, 1997இல் அதில் பழமும் எடுத்தார்கள். அந்த ஒரு பழத்துக்கு ஆன உழைப்பைக் கூலியாகக் கணக்கிட்டால் ஆயிரம் பவுண்டைத் தாண்டும் என்றார்கள். பழைய பிரபுவின் மேசைப் பழத்துக்கு உண்மையில் என்ன விலை என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

இடைக்காலத்தில் அறுந்துபோகவிருந்த கைப்பழக்கத்தையும் சிலர் காத்துத் தந்தார்கள். சில்டன் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஹாரி டாட்சன், 1987இல் பிபிசியின் ‘தி விக்டோரியன் கிச்சன் கார்டன்’ தொடரில், பாழ்பட்டுக் கிடந்த மதில்தோட்டத்தை ஓராண்டுக்குள் பழைய முறைப்படி விளையவைத்துக் காட்டினார். சிறுவயதில் மூத்தோரிடம் கற்ற கடைசித் தலைமுறையினருள் அவர் ஒருவர். ஆணியடிக்கும் இடைவெளியும், கதவை எத்தனை விரற்கடை திறந்துவைப்பது என்பதும் ஏட்டில் இல்லை. அவர் கையில் இருந்தன. இன்று பிரிட்டனில் மீண்டெழுந்திருக்கும் மதில்தோட்டங்கள் பலவற்றில் ஊதியமில்லாத தன்னார்வலர்கள் களையெடுக்கிறார்கள். இடிந்த சுவரைக் கொத்தனார் சில மாதங்களில் எழுப்பிவிடுவார். உறைபனி இரவில் எழுந்துபோய் உலையைப் பார்க்கும் கவலையை யார் எழுப்புவது?

எட்ஸெல் மதிலில் தெய்வங்களையும் கலைகளையும் பொறித்தார்கள். டன்மோர் வளைவில் ஆண்டைப் பொறித்தார்கள். டெக்கரின் படத்தில் செலவழித்தவரின் பெயரைப் பொறித்தார்கள். தோட்டக்காரர்களுக்குக் கிடைத்ததோ கழிப்பறைச் சுவரும் ஒரு பென்சிலும்தான். 2013இல் பிரிட்டனின் போர் அருங்காட்சியகம் அந்தச் சிற்றறையை, ஹெலிகன் தோட்டக்காரர்களுக்கான உயிருள்ள நினைவுச் சின்னம் என்று ஏற்றது. கூரையிழந்து, மழை நனைத்து, முக்கால் நூற்றாண்டு புதருக்குள் கிடந்தும் பென்சில் கோடுகள் முற்றாக அழிந்துவிடவில்லை. நல்ல சுண்ணாம்புப் பூச்சு. அதைப் பூசியவர் பெயரும் நமக்குத் தெரியாது.